ரிட்ஸையும் எஸ்கோஃபியேயையும் சவாய் ஹோட்டல் ஏன் வெளியே அனுப்பியது?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு கேட்டரிங் மாணவர். "எங்கள் பாடத்தில் எஸ்கோஃபியே நவீன சமையலறையின் தந்தை, செஸார் ரிட்ஸ் ஹோட்டல்காரர்களின் ராஜா. ஆனால் லண்டன் சவாய் ஹோட்டலில் இருவரையும் திருட்டுக் குற்றம் சொல்லித் துரத்தினார்கள் என்று ஒரு சீனியர் சொல்கிறார். உண்மையா? உலகின் முதல் சொகுசு ஹோட்டல் சவாய்தானா?" என்று கேட்கிறார். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் மனதில் உறுத்துவது முதலாவதுதான் என்று நினைக்கிறேன். நம் தொழிலில் சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கும் இரண்டு பேர் கை சுத்தமானவர்களா, இல்லையா? நான் சரித்திரம் படித்தவன் இல்லை. ஹோட்டல்களில் எஃப் அண்ட் பி கன்ட்ரோலில், அதாவது சாப்பாடு, சரக்குக் கணக்குப் பார்க்கும் பிரிவில், பல வருடம் இருந்தவன். ஸ்டோர் ரிஜிஸ்டரையும் இன்வாய்ஸையும் ஒத்துப் பார்ப்பதே பிழைப்பாக இருந்ததால் இந்த விவகாரத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். என் பதில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். 1898 மார்ச் 8 அன்று ரிட்ஸ், எஸ்கோஃபியே, ரிட்ஸின் உதவி மேலாளர் லூயி எஷனார் ஆகிய மூவரையும் சவாய் நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. காரணமாகச் சொன்னது கடுமையான அலட்சியம், கடமை மீறல், நிர்வாகச் சீர்கேடு. 1900 ஜனவரியில் மூவரும் எழுத்து மூலம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள், பணமும் திருப்பிக் கட்டினார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை, யாருக்கும் தண்டனையும் கிடையாது. ஆகவே உங்கள் சீனியர் சொன்னது கட்டுக்கதை இல்லை. அதே சமயம் 'திருடர்கள்' என்று மூவரையும் ஒரே கோணியில் கட்டுவதும் சரியில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஹோட்டல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சவாய் ஹோட்டலுக்கு முன்னால் அங்கே வந்தது ஒரு நாடகக் கொட்டகை. ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்பவர் கில்பர்ட், சல்லிவன் இருவரும் எழுதிய இசை நாடகங்களை நடத்திய முதலாளி. ஸ்ட்ராண்ட் சாலைக்கும் தேம்ஸ் நதிக்கும் நடுவே 1881 அக்டோபரில் சவாய் தியேட்டரைத் திறந்தார். முழுக்க மின்விளக்கில் இயங்கிய முதல் பொதுக் கட்டடம் உலகில் அதுதான் என்று சொல்வார்கள். ஜோசப் ஸ்வான் தயாரித்த சுமார் 1,200 பல்புகள் அதில் எரிந்தன. அந்த டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். கொட்டகைக்குப் போகவே ஜனங்கள் பயந்த நேரம். டிசம்பர் 28 அன்று கார்ட் தானே மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மஸ்லின் துணியில் சுற்றி எல்லார் கண் முன்னாலும் உடைத்துக் காட்டினார். துணியில் ஒரு கருகல்கூட இல்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்று இதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் 1885-ல் வந்த 'மிகாடோ' நாடகம் கொட்டிக் கொடுத்த லாபம் ஹோட்டல் கட்டக் கைகொடுத்தது. நாடகக் குழுவோடு அமெரிக்கா போய் வந்தபோது தங்கிய ஹோட்டல்கள் அவர் மனதில் இருந்தன. நாடகம் முடிந்து வெளியே வருகிற பணக்காரக் கூட்டம் ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே போகும் என்ற கணக்கும் இருந்தது.

1889 ஆகஸ்ட் 6 அன்று ஹோட்டல் திறந்தது. உலகின் முதல் சொகுசு ஹோட்டலா என்றால், இல்லை. பாஸ்டன் நகரின் ட்ரெமான்ட் ஹவுஸ் 1829-லேயே கட்டடத்துக்குள் குழாய்த் தண்ணீர் வசதியோடு வந்துவிட்டது. நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் 1859-ல் லிஃப்ட் ஓடியது. லண்டனிலேயே லாங்கம் ஹோட்டல் 1865-ல் பெரிய அளவில் திறந்தாயிற்று. பிரிட்டனில் கட்டடம் முழுக்க மின்விளக்கு, 24 மணி நேரமும் சுடுதண்ணீர், பல அறைகளுக்குக் குளியலறை, இத்தனையும் ஒரே கூரையின் கீழ் சவாயில்தான் முதலில் வந்தது. அந்தக் காலத்து ஹோட்டல்களில் மெழுகுவத்திக்குத் தனிக் காசு, குளிக்கத் தனிக் காசு, ஏவலாளுக்குத் தனிக் காசு. கார்ட் அதையெல்லாம் அறை வாடகைக்குள் அடக்கினார். என்னைக் கேட்டால் பல்பைவிட இதுதான் பெரிய புதுமை. குளியலறை எண்ணிக்கையைக் கேட்ட கட்டடக் கான்ட்ராக்டர் "வரப்போகிற விருந்தாளிகள் தண்ணீரிலும் நிலத்திலும் வாழ்கிற பிராணிகளா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளில் பாதி, பப்ளிக் ரிலேஷன்ஸ் மேஜையில் பிறப்பவை.

கட்டடம் இருந்தது, நடத்தத் தெரிந்த ஆள் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தில் 13 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, பாரிஸில் வெயிட்டராக அடிபட்டு மேலே வந்த ரிட்ஸைக் கார்ட் பேசிக் கூட்டி வந்தார். ரிட்ஸ், மான்டி கார்லோவில் தன்னோடு வேலை பார்த்த எஸ்கோஃபியேயை 1890-ல் அழைத்தார். எஸ்கோஃபியே வந்து இறங்கியபோது, போகிற பழைய ஆட்கள் சமையலறையை நாசம் செய்துவிட்டு ஒரு சிட்டிகை உப்புகூட வைக்காமல் போயிருந்தார்களாம். பக்கத்தில் சேரிங் கிராஸ் ஹோட்டலில் இருந்த ஒரு நண்பர் சாமான் கொடுத்து உதவியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் வாயால் வந்த செய்தி மட்டுமே என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் செய்த வேலையில் தள்ளுபடி ஒன்றும் வேண்டாம். 'பிரிகேட்' என்று நீங்கள் மனப்பாடம் செய்கிற, சமையலறை வேலையைப் பிரிவு பிரிவாகப் பங்கிடும் அமைப்பு முழு வடிவம் பெற்றது சவாயில்தான். அதற்கு வழக்கமாகக் கொடுக்கிற உதாரணம் மெயர்பீர் முட்டை என்ற ஒரு டிஷ். பழைய முறையில் ஒரே ஆள் முட்டையைச் சமைத்து, ஆட்டுச் சிறுநீரகத்தைச் சுட்டு, ட்ரஃபிள் காளான் சாஸும் காய்ச்ச வேண்டும், கால் மணி நேரம் ஆகும். புது முறையில் முட்டை ஒருவர் கையில், சுடுவது வாட்டல் பிரிவில், சாஸ் சாஸ்காரர் அடுப்பில். மூன்றும் ஒரே சமயத்தில் முடிந்து தட்டில் சேர்ந்துவிடும். நாடகம் விட்டு நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வந்து உட்காருகிற இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று டின்னர் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குப் புரியும். சமையலறையில் கெட்ட வார்த்தைக்கும் குடிக்கும் தடை போட்டார். அடுப்புச் சூட்டுக்குக் குடிக்க பார்லித் தண்ணீர் வைத்தார். கோவென்ட் கார்டன் ஆப்பரா அரங்கில் பாடிக்கொண்டிருந்த நெல்லி மெல்பாவுக்காக, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் மேல் பீச் பழமும் வெனிலா ஐஸ்கிரீமும் வைத்துக் கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான். ராஸ்பெர்ரி சாஸ் பிறகு, அவர் வேறு ஹோட்டலில் இருந்தபோது சேர்ந்தது. ரிட்ஸ் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். குடும்பப் பெண்கள் பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அதுவரை லண்டனில் வழக்கமில்லை. வேல்ஸ் இளவரசரும் அவர் வட்டாரமும் வந்து போகும் இடம் என்ற பெயர் வந்ததும் அந்தக் கூச்சம் போயிற்று.

இனி 1897-க்கு வருவோம். கூட்டம் குறையவில்லை, விற்பனையும் நன்றாகத்தான் இருந்தது. சமையலறை லாபம் மட்டும் சுருங்கியது. கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். மேஜை நிரம்பியும் ஃபுட் காஸ்ட், அதாவது சாப்பாட்டுச் சாமான் செலவு, ஏறினால் வழிகள் சொற்பம்: விலை தப்பு, வீணடிப்பு, ஓசி, இல்லை களவு. ரகசியமாக விசாரித்தார்கள், கணக்கைத் தோண்டினார்கள். கார்ட் அப்போது உடம்பு சரியில்லாமல் இருந்தார். இங்கே கவனிக்க வேண்டிய ஆள் அவர் மனைவி ஹெலன். ஸ்காட்லாந்துக்காரர், கார்ட்டிடம் செக்ரட்டரியாகச் சேர்ந்து கம்பெனியின் முழு வியாபாரத்தையும் கையில் வைத்திருந்தவர், கணக்கில் கெட்டி. ரிட்ஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்த விஷயம். அதை வைத்து "பெண்பிள்ளையின் பகையால் நடந்தது" என்று ரிட்ஸ் தரப்புக் கதை ஒன்று வெகுகாலம் உலாவியது. வாக்குமூலங்கள் வெளிவந்த பிறகு அந்தக் கதை நிற்காது.

வாக்குமூலத்தில் என்ன இருந்தது? மூவருடையதும் ஒரே மாதிரி இல்லை. 3,400 பவுண்டுக்கு மேல் ஒயினும் மதுவும் கணக்கில் வராமல் போனதில் ரிட்ஸும் எஷனாரும் சிக்கினார்கள். ரிட்ஸ் சட்ட விரோதமாக எதுவும் செய்யவில்லை என்று மறுத்தார். தன் வீட்டுச் சாப்பாட்டுச் சாமானும் வீட்டுத் துணி சலவையும் ஹோட்டல் கணக்கில் போனதையும், வேண்டியவர்களுக்குத் தாராளமாகப் பரிசு கொடுத்ததையும் ஒப்புக்கொண்டார். 4,173 பவுண்டு கட்டினார். எஸ்கோஃபியேயின் வாக்குமூலம்தான் மூன்றிலும் கனமானது. சாமான் சப்ளை செய்த வியாபாரிகளிடம் கமிஷன் வாங்கினார். அந்த வியாபாரிகள் கமிஷனை ஈடுகட்டச் சரக்கைக் குறைத்து அனுப்பி முழுசுக்கும் பில் போட்டார்கள். அவர் கொடுக்க வேண்டியது 8,000 பவுண்டு என்று முடிவாகி, கையில் இல்லாததால் 500-க்குத் தீர்த்துக்கொண்டார்கள்.

இதை ஒரு கன்ட்ரோலர் எப்படிப் படிப்பான் என்று சொல்கிறேன். இது என் ஊகம், ஆவணம் இல்லை. சரக்குக் குறைவாக இறங்கி, பில் முழுசாகப் பாஸ் ஆக வேண்டுமென்றால் செஃப் ஒருவர் மட்டும் போதாது. பின்வாசலில் எடை பார்த்து, எண்ணி வாங்கும் ஆள் கண்ணை மூட வேண்டும். இன்வாய்ஸில் கையெழுத்துப் போடுகிறவர் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும். இன்றைக்கு எந்த நல்ல ஹோட்டலிலும் பர்ச்சேஸ் ஒருவர், ரிசீவிங் இன்னொருவர், பணம் கொடுப்பது மூன்றாமவர் என்று பிரித்திருப்பார்கள். ரிசீவிங் கிளார்க் செஃபுக்குக் கீழே வரமாட்டார், அக்கவுன்ட்ஸுக்குக் கீழேதான் வருவார். முட்டைத் தட்டை எடுத்து மேல் அடுக்கை மட்டும் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடும் புது கிளார்க்கை, அடியில் இருக்கும் அடுக்குகளைப் பிரித்து எண்ண வைப்பதுதான் எங்கள் முதல் பாடம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மீன் கூடையில் ஐஸோடு சேர்த்து எடை போட்டே வருடக்கணக்காகப் பில் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. யாரும் கோடீஸ்வரர் ஆகவில்லை, ஆனால் ஃபுட் காஸ்ட் ஏன் இறங்கவில்லை என்று எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். சவாயில் சமையலறை, சரக்கு, சாப்பாட்டு ஹால் எல்லாமே ரிட்ஸ் கூட்டி வந்த ஆட்களின் கையில் இருந்தது. தடுக்கிற கை இல்லாத இடம்.

எஸ்கோஃபியே பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிரான்சில் வீட்டுச் சமையல்காரருக்கு மளிகைக்காரர் ஃபிராங்குக்கு ஒரு சூ (சில்லறைக் காசு) என்று கொடுப்பது ஊரறிந்த பழக்கம். அதில் வளர்ந்தவருக்கு கமிஷன் குற்றமாகத் தோன்றியிருக்காது. பிரிட்டனிலும் வேலையாள் முதலாளிக்குத் தெரியாமல் கமிஷன் வாங்குவதைக் குற்றம் என்று வரையறுத்த ஊழல் தடுப்புச் சட்டம் 1906-ல்தான் வந்தது. ஆனால் சரக்குக் குறைந்து வருவது தெரிந்தே முழு பில்லை விடுவது எந்தச் சட்டத்திலும் மோசடிதான். பழக்கம் என்று சொல்லி அதை மூட முடியாது.

ரிட்ஸ் விஷயம் எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. சலவைக் கணக்கெல்லாம் சில்லறை. பெரிய மேலாளர்களுக்கு இன்றும் அதெல்லாம் சம்பளத்தோடு எழுதியே கொடுக்கிறார்கள். ஆனால் 1896-லேயே ரிட்ஸ் தன் பெயரில் ஹோட்டல்கள் கட்ட ஒரு கம்பெனிக்கு முதலீட்டாளர்களைச் சேர்த்துவிட்டார். அந்தப் பணக்காரர்கள் சவாயின் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு உபசாரமும் பரிசும் சவாய் செலவில். ரோம், பாரிஸ் என்று பாதி வருடம் அவர் ஊரிலும் இல்லை. சம்பளம் கொடுக்கிற ஹோட்டலின் ஒயினை ஊற்றி, நாளைக்கு அதற்கே போட்டியாக வரப்போகிற ஹோட்டலுக்குப் பணம் திரட்டினால் எந்தப் போர்டும் பொறுத்துக்கொள்ளாது. நீக்கியது சரி என்பதே என் கட்சி.

நீக்கிய அன்று சமையலறையில் ரகளை. 16 பிரெஞ்சு, ஸ்விஸ் சமையல்காரர்கள் எதிர்த்து நின்றதாகவும், சிலர் நீளக் கத்திகளை எடுத்துக்கொண்டதாகவும், போலீஸ் படை வந்து வெளியேற்றியதாகவும் 'ஸ்டார்' பத்திரிகை எழுதியது. பத்திரிகை கொஞ்சம் மசாலா தூவியிருக்கலாம். ரகளை நடந்தது நிஜம். மூவரும் முறையற்ற பணிநீக்கம் என்று வழக்குப் போடக் கிளம்பி, பிறகு அடங்கிப்போனார்கள். இரு தரப்புக்கும் இதை வெளியே விட இஷ்டமில்லை. வாடிக்கையாளர்கள் பெயர் சாட்சிக் கூண்டில் அடிபடுவதை சவாய் விரும்பாது. 1895-ல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் வழக்கில் சவாய் பணிப்பெண்களே அறையில் பார்த்ததைச் சொல்லச் சாட்சிக் கூண்டு ஏறியிருந்தார்கள், அந்தச் சூடு ஆறவில்லை. வாக்குமூலங்கள் 80 வருடத்துக்கும் மேல் பெட்டிக்குள்ளேயே கிடந்து 1980-களில்தான் அச்சில் வந்தன. அதற்குள் பாடப்புத்தகங்களில் சரித்திரம் உறைந்துவிட்டது. உங்கள் புத்தகத்தில் இது இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

மூன்றே மாதத்தில், 1898 ஜூன் 1 அன்று, பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டல் திறந்தது. அடுத்த வருடம் லண்டனிலேயே கார்ல்டன் ஹோட்டல். "ரிட்ஸ் போகும் இடத்துக்கு நானும் போவேன்" என்று வேல்ஸ் இளவரசர் சொன்னதாக ஒரு வாசகம் எல்லா இடத்திலும் வரும். யாரிடம், எப்போது சொன்னார் என்பதற்குக் கெட்டியான ஆதாரம் நான் பார்த்ததில்லை. அதே இளவரசரின் முடிசூட்டு விழா 1902 ஜூனில் அறுவை சிகிச்சையால் கடைசி நேரத்தில் தள்ளிப்போனபோது ரிட்ஸ் மனமுறிவில் விழுந்தார், அதன் பிறகு பழைய ஆளாக எழவே இல்லை. 1918-ல் இறந்தார். எஸ்கோஃபியே பிரான்சின் லெஜியன் ஆஃப் ஹானர் விருது வாங்கி 1935 வரை இருந்தார்.

சவாய் இவர்கள் இல்லாமல் படுத்துவிடவில்லை. ஓவியர் கிளாட் மோனே 1899 முதல் மூன்று வருடம் வந்து, அறையிலிருந்தபடியே வாட்டர்லூ பாலத்தையும் சேரிங் கிராஸ் பாலத்தையும் மூடுபனியோடு வரைந்து தள்ளினார். 1905-ல் ஷாம்பெயின் வியாபாரி ஜார்ஜ் கெஸ்லர் முற்றத்தில் தண்ணீர் நிரப்பி, கொண்டோலா படகில் விருந்து வைத்து, பாடகர் கருசோவைப் பாட வைத்து, ஒரு யானைக்குட்டி மேல் கேக்கை ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தப் பில்லை நான் பார்த்திருக்க வேண்டும். ஹோட்டல் வாசல் சாலையில் மட்டும் வண்டிகள் வலப்பக்கம் ஓடும், அது கண்ணால் பார்க்கலாம். ஏன் என்பதற்கு 1902 சட்டம், தியேட்டர் வாசலை மறைக்காமல் இருக்க, சீமாட்டிகள் இறங்க வசதி என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், எதையும் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். 1940 செப்டம்பர் 14 இரவு நடந்தது உறுதியானது. கிழக்கு லண்டனில் ஜெர்மன் குண்டுக்கு ஒதுங்க ஆழமான இடம் இல்லை. சவாயின் நிலவறையில் பணக்காரர்களுக்குக் கட்டில் போட்ட காப்பிடம் இருந்தது. அந்தப் பக்கத்து ஸ்டெப்னி கவுன்சிலர், கம்யூனிஸ்ட் ஃபில் பிராட்டின் தலைமையில் சுமார் எழுபது பேர், குழந்தை குட்டிகளோடு, உள்ளே புகுந்து உட்கார்ந்தார்கள். விமானத் தாக்குதல் நேரத்தில் வெளியே தள்ளப் போலீஸாலும் முடியவில்லை. டீ கேட்டார்கள். சவாய் விலை கட்டுப்படியாகாது என்று பேரம் பேசி, வெளியில் டீக்கடையில் கொடுக்கிற இரண்டு பென்னிக்கே வாங்கிக் குடித்ததாக பிராட்டின் எழுதியிருக்கிறார்.

பிற்காலக் கதையில் கணக்குக்காரனுக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. 1980-களில் ட்ரஸ்ட்ஹவுஸ் ஃபோர்ட்டே கம்பெனி சவாய் பங்குகளில் 69 சதவீதம் வரை வாங்கிவிட்டது. ஆனால் வாக்கு 42 சதவீதம்தான். அதிக வாக்குள்ள தனி வகைப் பங்குகள் குடும்பத்தின் பக்கமும் அதன் ஆட்களிடமும் இருந்தன. காசு கொடுத்தவருக்கு அதிகாரம் வரவில்லை. கார்ட்டின் பேத்தி பிரிட்ஜெட் 1985-ல் வாரிசில்லாமல் இறந்த பிறகும் அந்த இழுபறி ஓடியது. கடைசியில் 1998-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின, பிறகு 2005-ல் சவூதி இளவரசர் அல்வலீத் தரப்பு. 2007 டிசம்பரில் மூடி, பழைய சாமான்களை ஏலம் விட்டு, 100 மில்லியன் பவுண்டு என்று தொடங்கிய பழுதுபார்ப்பை 220 மில்லியனில் முடித்து, 2010 அக்டோபர் 10 அன்று திறந்தார்கள்.

பரீட்சைக்கு 'நவீன சமையலறையின் தந்தை' என்றே எழுதுங்கள், மார்க் அதற்குத்தான், அது உண்மையும்கூட. இன்டர்வியூவில் எஃப் அண்ட் பி கன்ட்ரோலைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் அந்தக் குறை எடைச் சரக்கையும் முழு பில்லையும் சொல்லுங்கள், கேட்பவர் அக்கவுன்ட்ஸ்காரராக இருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.